முதிராத வெள்ளணுக்கள்

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையிலுள்ள ஆயர் ஈத்தாமிலாயினும் வேறெங்காயினும், தம் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லக் கேட்கும் பெற்றோர், வம்சத்தின் ரத்தமே கெட்டுவிட்டதென்று எண்ணிக் கலங்குவர். பெரும்பாலான குழந்தைகளிடம் நிகழ்வது அதுவன்று. வளர வேண்டிய வெள்ளணு நடுவழியில் நின்றுவிடுவதே இந்நோய்.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் மூல அணுக்களிற் சில, படிப்படியாக முதிர்ந்து, கிருமிகளை எதிர்க்கும் பி-அணுக்களாகின்றன. இம்முதிர்ச்சிக்கு ஆணையிடும் மரபணுக்களுள் ரன்எக்ஸ்1 ஒன்று. சில சிசுக்களுக்குத் தாயின் கர்ப்பத்திலேயே 12-ஆம், 21-ஆம் குரோமோசோம்கள் முறிந்து ஒன்றோடொன்று மாறி ஒட்டிக்கொள்ள, இ.டி.வி.6 என்னும் மரபணுவோடு ரன்எக்ஸ்1 பிணைந்து, ஆணையிட வேண்டிய புரதமே தடை செய்யும் புரதமாகிவிடுகிறது. ஆயினும் இப்பிணைப்போடு பிறக்கும் குழந்தைகளிற் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. இரண்டாவது சேதம் ஒன்று நேர வேண்டும்.

அச்சேதம் வரும் வழிதான் வியப்புக்கும் துக்கத்துக்கும் உரியது. எண்ணற்ற கிருமிகளுக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு, வளரும் ஒவ்வொரு பி-அணுவும் தன் எதிர்ப்பொருள் மரபணுவின் துண்டுகளை வெட்டிப் புதுவிதமாக இணைத்துக்கொள்கிறது என்பதை நிறுவியே விஞ்ஞானி டோனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாறு வெட்டுவது 'ராக்' என்னும் என்சைம். முதிர்ச்சி தடைப்பட்ட அணுவில், நம்மைக் காக்க அமைந்த அதே என்சைம், வெட்டக்கூடாத மரபணுக்களையும் வெட்டிவிட, அணு கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது.

எனினும் அந்த என்சைமின் வெட்டே நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. ஒரு நோயாளியின் புற்றணுக்கள் யாவும் ஓரணுவின் சந்ததியாதலால், எதிர்ப்பொருள் மரபணுவின் இணைப்பு அவற்றில் ஒன்றேயாக இருக்கும். அதைத் தேடினால், நுண்ணோக்கிக்குப் புலனாகாமல் பத்தாயிரத்தில் ஒன்றாக எஞ்சியிருக்கும் நோயணுவையும் கண்டுவிடலாம். மலேசிய, சிங்கப்பூர் வைத்தியர்கள் சேர்ந்து 2002 முதல் 2011 வரை 556 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய 'மா-ஸ்போர்' ஆய்வு, இவ்வெச்சத்தை அளந்தே, எவருக்குக் கடுமையான மருந்து வேண்டும், எவருக்குக் குறைத்தாற் போதும் என்று நிர்ணயித்தது. ஆறாண்டு கடந்து உயிர்வாழ்ந்தோர் வீதம் நூற்றுக்கு ஏறத்தாழ 88. சிறுவரின் சரீரத்தில் விஷ மருந்தைக் குறைத்தும் இவ்வெற்றி கிட்டியதே பெருமைக்குரியது என்பேன்.

ஆதலால் பெற்றோரே, சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து குழந்தை ஓடியாடத் தொடங்கினாலும், எஞ்சிய அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கக்கூடுமாகையால், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீளும் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.