எட்டு ஆண்டு, மூன்று கழகம்: கார்ல்டன் சாப்மேன் ஏன் ஓரிடத்தில் நிலைக்கவில்லை?

நல்லேப்பிள்ளி: தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டாரத்தில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் நடைபெறும் செவன்ஸ் போட்டிகளைக் கண்டு வளரும் சிறுவர்கள் பலருக்கு, கழக வீரராக வேண்டும் என்பதே கனவு. ஆனால் திறமை மட்டும் ஒரு வீரரை நிலைநிறுத்திவிடுமா? 1990களில் இந்தியாவின் தலைசிறந்த நடுக்கள வீரர்களுள் ஒருவராக விளங்கிய கார்ல்டன் சாப்மேனின் வாழ்வு, இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

யார் இந்த சாப்மேன்?

1971 ஏப்ரல் 13 அன்று பிறந்த சாப்மேன், பெங்களூரைச் சேர்ந்தவர். ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா கால்பந்து அகாடமியில் பயின்று, 1993இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு, ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்ற கணக்கில் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் சாப்மேன் மூன்று கோல்கள் அடித்தார். நடுக்களத்தில் ஆடும் ஒருவர், அதுவும் வலுவான வெளிநாட்டு அணிக்கு எதிராக, இவ்வாறு கோல் மழை பொழிவது அரிதான நிகழ்வு. பின்னர் அவர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.

தொடர்ந்த இடமாற்றங்கள்

1995இல் அவர் பஞ்சாபின் ஜேசிடி கழகத்துக்குச் சென்றார். ஐ.எம்.விஜயன், பைச்சுங் பூட்டியா ஆகியோருடன் அவரும் இடம்பெற்ற அந்த அணி, 1996-97இல் நடைபெற்ற முதல் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்றது. பட்டம் வென்ற கையோடு, 1997இல் கேரளத்தின் முதல் தொழில்முறைக் கழகமாகத் தொடங்கப்பட்ட எஃப்சி கொச்சினுக்கு அவர் மாறினார். விஜயனும் அங்குச் சென்றார். அவ்வாண்டே டூரண்ட் கோப்பையை வென்ற கொச்சின், அதைக் கைப்பற்றிய முதல் கேரளக் கழகம் என்ற பெருமையைப் பெற்றது. ஆயினும் ஒரே பருவத்தில் சாப்மேன் ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார். 2001இல் அவர் தலைமையில் அக்கழகம் தன் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டிலேயே, முப்பது வயதில், அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

காரணம் என்ன?

இந்தப் பயணத்தை வீரரின் அலைபாயும் மனத்தின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அவர் ஆடிய கழகங்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்சி கொச்சின் நிதி நெருக்கடியில் சிக்கி, சம்பளம் வழங்க இயலாமல், 2002இல் கலைந்தது. ஜேசிடி 2011இல் மூடப்பட்டது. மூன்றில் இன்று எஞ்சியிருப்பது ஈஸ்ட் பெங்கால் மட்டுமே.

அக்காலத்தில் ஒளிபரப்பு வருவாய் மிகக் குறைவு. நுழைவுச்சீட்டு விற்பனை மட்டும் ஓர் அணியைக் காக்கப் போதாது. எனவே கழகத்தின் ஆயுள், அதை நடத்தும் நிறுவனத்தின் அல்லது புரவலரின் விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தது. ஒப்பந்தங்களும் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே போடப்பட்டன. இத்தகைய சூழலில், கிடைத்த நல்ல வாய்ப்பை நோக்கி நகர்வதே வீரருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அரசுப் பணி அளித்த பிடிமானம்

சாப்மேனுடன் ஜேசிடியிலும் கொச்சினிலும் ஆடிய விஜயனும் பல கழகங்கள் மாறியவரே. ஆனால் அவருக்குக் கேரளக் காவல்துறை என்ற பிடிமானம் இருந்தது. கழக ஆட்டத்துக்குப் பின் அங்குத் திரும்பிய அவர், 2025 ஏப்ரலில் துணைக் கமாண்டண்டாக ஓய்வு பெற்றார். அவ்வாண்டு பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது. சாப்மேனோ பயிற்சியாளராக மாறி, ஜாம்ஷெட்பூர், ஷில்லாங், கோழிக்கோடு என மீண்டும் ஊர் ஊராகப் பயணித்தார். 2020 அக்டோபர் 12 அன்று மாரடைப்பால் பெங்களூரில் காலமானபோது அவருக்கு வயது 49.

இன்று நிலை மாறிவிட்டதா?

சம்பளம் உயர்ந்துள்ளது, பயிற்சி வசதிகள் பெருகியுள்ளன. எனினும் அடித்தளம் உறுதிப்பட்டதாகக் கூற இயலாது. வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே பெங்களூரு எஃப்சி தன் முதன்மை அணியினருக்கான சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை இடைநிறுத்தியது.

வீரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு கூடியுள்ளது. உரிய காலத்தில் இரு மாதச் சம்பளம் வழங்கப்படாவிட்டால், கழகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நிலுவையைச் செலுத்தக் குறைந்தது 15 நாள் அவகாசம் அளித்தபின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள 2018இல் கொண்டுவரப்பட்ட ஃபிஃபா விதி இடமளிக்கிறது. ஆனால் விதி வீரரை விடுவிக்குமே தவிர, அவருக்கு வேறொரு கழகத்தை உருவாக்கித் தராது.

எல்லைப்புற ஊர்களிலிருந்து கழகத் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. எந்த அணி என்பதோடு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, காயமுற்றால் சிகிச்சைச் செலவு யாருடையது, படிப்பைத் தொடர வழியுண்டா என்பவற்றையும் கேட்டறிவது நலம். நாட்டின் சிறந்த நடுக்கள வீரர்களுள் ஒருவருக்கே கால் ஊன்ற இடம் தராத ஆட்டம் இது.