இறக்கின காரில் ஆர்ம் புஷ் ஏன் சீக்கிரம் கிழியுது?

லோயரிங் ஸ்பிரிங் போட்ட காரில் லோயர் ஆர்ம் புஷ் அடிக்கடி கிழிந்தால் பழி முதலில் பார்ட்ஸ் மேல்தான் விழும். "டூப்ளிகேட்டைக் கொடுத்துட்டான் சார்" என்பார்கள். ஆனால் ஒரிஜினல் வாங்கிப் போட்டாலும் அதே கதை தொடர்கிறது என்றால், போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

ரப்பர் புஷ்ஷை பேரிங் மாதிரி நினைக்கக் கூடாது. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு கடிபட்டு நின்றுவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் சுற்றாது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். ஆக, இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் என்ன ஆகும்? ஆர்ம் நீளம் 35 செ.மீ., தொங்கும் சக்கரம் தரையில் நிற்கும் நிலையை விட 8 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். காரை இறக்கினதும் ரப்பர் சுமார் 13 டிகிரி முறுக்கிய நிலையில் நிற்கும், சும்மா பார்க்கிங்கில் இருக்கும்போதே. இப்போது அதே ஷாக்கை வைத்துக்கொண்டு காரை 35 மி.மீ. தாழ்த்துங்க. சக்கரம் தொங்கும் அளவு மாறாது, நிற்கும் உயரம்தான் குறையும். முறுக்கு 19 டிகிரி பக்கம் போய்விடும். அதுக்கு மேல்தான் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஆர்ம் போல்ட்டைத் தொடாமலே விட்டாலும் 6 டிகிரி நிரந்தரமாகத் தங்கும். (போல்ட் செங்குத்தாகப் போகும் புஷ்ஷுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

செய்யும் வழி சுலபம்தான். கார் தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்க. தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி வேலையை முடித்து, ஆர்மின் வெளிமுனையில் ஜாக் கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, அப்புறம் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்க. சின்ன ஹாட்ச்பேக் என்றால் ஜாக் கொடுக்கும்போது வண்டியே ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கும், ஜாக்கிரதை. நாலு சக்கரமும் ஏறி நிற்கும் ராம்ப் கிடைத்தால் இந்த வம்பே இல்லை.

அதுக்கு முன்னாடி, போனது புஷ்தானா என்று பார்க்கணும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டொக் டொக், இரண்டும் சேர்ந்து ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது சத்தம் இல்லை என்றால் முதலில் லிங்க் ராடைப் பாருங்க. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்றால் ஸ்ட்ரட் மேல் மவுண்ட். ஆர்ம் புஷ் கிழிந்ததற்கு நான் அதிகம் நம்பும் அறிகுறி, பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுத்து, விட்டதும் திரும்பி வருவது. பிரேக்கும் டயர் காற்றும் சரியாக இருந்து இப்படி இழுத்தால், ஆர்ம் பின்னால் நகர்ந்து டோ மாறுகிறது என்று அர்த்தம். அலைன்மென்ட் மெஷினில் வண்டி சும்மா நிற்பதால் அங்கே எல்லாம் பச்சையாகவே காட்டும். மழையில் அவசர பிரேக் போடும் அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். கம்பி கொடுத்து நெம்பிப் பாருங்க: மேல்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருந்தால் பயமில்லை, இரும்பை விட்டு ரப்பர் பிரிந்திருந்தால் மாற்றியே ஆகணும்.

பாலியூரித்தேன் போட்டால் தீருமா? பெரும்பாலான பாலி புஷ்ஷில் உள்குழாய் ஒட்டாமல் சுழலும், அதனால் மேலே சொன்ன முறுக்குப் பிரச்சினை இல்லை. பதிலுக்கு கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். தண்ணீர் தெளித்ததும் சத்தம் அடங்கினால் அந்த இடம்தான். கழற்றி சிலிக்கான் கிரீஸ் வையுங்க. பின்பக்க டார்ஷன் பீமுக்கு மட்டும் நான் பாலி சொல்ல மாட்டேன். அந்தப் புஷ் பல திசையில் நெளிய வேண்டியது, கெட்டியானதைத் திணித்தால் அதிர்ச்சி நேரே பாடிக்குப் போகும்.

எது போட்டாலும் வீல் அலைன்மென்ட் கடைசி வேலை. புஷ் மாற்றி, சரியான உயரத்தில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு எடுத்துப்போங்க. அப்புறமும் டயர் உள்பக்கம் தேய்ந்தால், தாழ்த்தியதால் மாறிய கேம்பரையும் டோவையும் பார்க்கணும்.