தடித்த கம்பி ஏன் மந்தமாக ஒலிக்கிறது?

ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த ‘பி’ கம்பி நொடிக்குச் சுமார் 31 முறைதான் அதிர்கிறது. பல கிட்டார்களில் அது சுருதி பிடிபடாமல் கொழகொழவென்று கேட்கும். ஏன்?

தடித்த கம்பி விறைப்பானது. விறைப்பு கூடினால் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் சரியான இரு மடங்கு, மும்மடங்கில் நிற்காமல் சற்றே ஏறிவிடும், காது குழம்பும். போதாக்குறைக்கு, பிரிட்ஜின் சேடில் மேல் அது கூர்மையாக மடியாமல் வில்போல் வளைந்து எழும்புகிறது. அதிரும் நீளம் எங்கே தொடங்குகிறது என்பதே உறுதியில்லை. சேடிலுக்குச் சற்று முன்னால் கம்பியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒலி தெளியும். முனையில் மட்டும் சுற்று குறைத்து மெலிதாக்கிய டேப்பர் கம்பிகள் வருவதும் இதற்காகத்தான்.

கிட்டார் உடலின் பின்புறத் துளைவழியே கோத்தால் இழுவிசை கூடும் என்பார்கள். கூடாது. அதிரும் நீளம், கம்பியின் எடை, சுருதி மூன்றும் மாறாதவரை இழுவிசையும் மாறாது. மாறுவது சேடிலில் மடியும் கோணம் மட்டுமே. அதன் பலன் பெரும்பாலும் சிறியது.

மாட்டும்போது கம்பி முறுக்கேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்கம்பி உருண்டையாக இருந்தால், நுனியை வெட்டும்முன் மடித்துவிடுங்கள்; இல்லையேல் மேல்சுற்று நெகிழ்ந்து புதுக் கம்பியே செத்துப்போகும்.