கலங்கரை விளக்கம் ஏறப் போகிறீர்களா? திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பினாங்குத் தீவின் வடமேற்கு முனையில் உள்ள முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். பள்ளி விடுமுறையில் இப்படிப் போக நினைக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "பெர்ரி எத்தனை மணிக்கு?" என்பதுதான். ஆனால், முதலில் முடிவு செய்ய வேண்டியது மலையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது. அதைக் கணக்கிட உங்கள் அறிவியல் பாடமே போதும்.

கோபுரம் ஏன் மலைமேல் இருக்கிறது?

1883-இல் கட்டப்பட்ட இந்தக் கோபுரத்தின் உயரம் 14 மீட்டர்தான். ஆனால், அது நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால், உயரே போகப் போகத் தொடுவானம் விலகிச் செல்லும். அதன் தொலைவைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு:

தொலைவு (கிலோமீட்டர்) = 3.57 × √உயரம் (மீட்டர்)

இதே கோபுரம் கடற்கரையில் நின்றிருந்தால் அதன் தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர். மலைமேல் நிற்பதால் அது சுமார் 55 கிலோமீட்டர். விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் தெரியும் என்பது அதன் பிரகாசத்தையும் காற்றின் தெளிவையும் பொறுத்தது. ஆனாலும், பூமியின் வளைவு மறைக்காமல் இருக்க உயரம் வேண்டும். கப்பலுக்கு உதவும் அந்த உயரம்தான் நமக்கு வேலை வைக்கிறது.

ஏற எவ்வளவு நேரம்?

வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு விதியைச் சொன்னார். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம்; அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம்.

தெலுக் பஹாங் தேசியப் பூங்கா வாசலிலிருந்து ஒரு வழி 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 60 நிமிடம், 240 மீட்டர் ஏற்றத்திற்கு 24 நிமிடம், மொத்தம் 84 நிமிடம். நம் காட்டுப் பாதையில் மரவேர்களும் வழுக்கும் பாறைகளும் புழுக்கமும் உண்டு. ஆகவே ஒன்றரையால் பெருக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும்.

காலை 7.30-க்குப் பெர்ரி ஏறி, படகுத்துறையிலிருந்து 101-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால், பூங்காவில் பதிவு செய்துவிட்டு 9.45 வாக்கில் நடக்கத் தொடங்கலாம். உச்சியை அடையும்போது ஏறக்குறைய நண்பகல் 12 மணி.

இடிக்கு முன் இறங்குங்கள்

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 முதல் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. பினாங்கு இருப்பதோ சுமார் 100 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 80 நிமிட வேறுபாடு. ஆகவே, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.20 வாக்கில்தான். அதன் பிறகும் நிலம் சூடாகிக்கொண்டே இருக்கும். ஈரக் காற்று மேலெழும்பி இடிமேகமாகத் திரளும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடிமழை பெய்வது பருவமாற்ற மாதங்களில் வழக்கம். அந்த நேரத்தில் மலையுச்சியில் நிற்பது ஆபத்து.

ஆகவே, திரும்பும் நேரம் 12.30. அப்போது எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும்கூட. நண்பர்களோடு போகும்போது "கொஞ்சம்தானே" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதனால்தான் இதைப் பெர்ரியிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

அதற்கு முன்பே இடி கேட்டால்? மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே மேட்டிலிருந்து இறங்குங்கள். தனி மரத்தடியில் நிற்காதீர்கள், கடலில் இறங்காதீர்கள். சுவரும் கூரையும் உள்ள கட்டடமே பாதுகாப்பு. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 240 மீட்டர் ஏறச் செய்யும் வேலை 50 × 10 × 240 = 120,000 ஜூல். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாகிறது. மீதி 360,000 ஜூல் வெப்பமாகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பம் வெளியேறும். ஈரமான காட்டில் அது ஆவியாகாமல் சொட்டி வீணாவதால், உடல் மேலும் வியர்க்கிறது. நாள் முழுதும் நடக்க ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

மழைக்குப் பின் சில பாதைகள் மூடப்படுவதுண்டு. பாதை திறந்திருக்கிறதா, கோபுரத்தில் ஏற அனுமதி உண்டா என்று முந்தைய நாளே பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைக் காலையில் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை சுமத்ரா புயற்காற்று விடியலிலேயே வரக்கூடும். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலும் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் வருந்த வேண்டாம். கலங்கரை விளக்கம் அடுத்த விடுமுறையிலும் அங்கேதான் இருக்கும்.