67,492 பேர் பார்க்க வந்த 'பசங்க மேட்ச்!' - மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜூனியர் ஆட்டங்களில் அப்படி என்ன இருக்கிறது?

2022 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்குச் சோதனையான மாதம். 7-ம் தேதி பிரைட்டன் அணியிடம் 4-0 என்று சீனியர் அணி மண்ணைக் கவ்வியது. அந்த சீசனை 58 புள்ளிகளோடு 6-வது இடத்தில் முடித்தது. பிரீமியர் லீக் தொடங்கிய 1992-லிருந்து அதுவரை யுனைடெட் அவ்வளவு குறைவான புள்ளிகள் எடுத்ததே இல்லை.

ஆனால், பிரைட்டன் தோல்விக்கு நான்கே நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மாலையில் ஓல்ட் டிராஃபோர்டு ஸ்டேடியத்துக்கு 67,492 பேர் வந்தார்கள். ரொனால்டோவைப் பார்க்க அல்ல. 18 வயதுக்கு உட்பட்ட பையன்கள் ஆடும் எஃப்.ஏ யூத் கப் இறுதிப்போட்டியைப் பார்க்க!

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பையன்களை 3-1 என்று வென்று, யுனைடெட் 11-வது முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. இரண்டு கோல் அடித்தவர் 17 வயது அலெஹாந்த்ரோ கர்னாச்சோ. நடுக்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் கோபி மைனூ. அவருக்கும் 17 வயதுதான்.

இரண்டு வருடம் கழித்து, 2024 மே 25-ம் தேதி வெம்ப்ளியில் சீனியர் எஃப்.ஏ கப் இறுதிப்போட்டி. மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று யுனைடெட் வீழ்த்தியது. அந்த இரண்டு கோல்களில் ஒன்று கர்னாச்சோ அடித்தது, மற்றொன்று மைனூ அடித்தது. உலகமே 'யார் இந்தப் பசங்க?' என்று கேட்டபோது, "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லும் உரிமை, அந்தப் புதன்கிழமை ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது.

இந்த ஒரு வரிக்காகவா மழையிலும் குளிரிலும் ஜூனியர் ஆட்டங்களுக்குப் போகிறார்கள்? அதுவும் ஒரு காரணம்தான். ஆனால், அது மட்டுமே அல்ல.

சின்ன அணிகள் என்றால் என்ன?

இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒவ்வொன்றுக்கும் நாம் டிவி-யில் பார்க்கும் அணிக்குக் கீழே இன்னும் சில அணிகள் உண்டு. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 18 வயதுக்கு உட்பட்டோர் அணி. இன்னொன்று, ஒரு காலத்தில் 'ரிசர்வ்ஸ்' என்று அழைக்கப்பட்டு, இன்று 21 வயதுக்கு உட்பட்டோர் அணியாக இருப்பது. இரண்டாவது அணியில் வயது தாண்டிய சிலரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால், காயத்திலிருந்து மீண்டுவரும் பெரிய ஸ்டார்கூட திடீரென்று இந்த ஆட்டத்தில் இறங்கலாம்.

யுனைடெட்டின் 18 வயதினர் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் கேரிங்டன் பயிற்சி மைதானத்தில் நடக்கும். 21 வயதினர் அணி நீண்ட காலமாக ஆடிவரும் இடம் லீ என்ற சிற்றூர். மான்செஸ்டரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான். அங்குள்ள ஸ்டேடியத்தில் சுமார் 12,000 பேர் உட்காரலாம். வழக்கமான லீக் ஆட்டம் என்றால் அதில் பெரும்பகுதி காலியாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். மார்கழி சீசனில் சபாக்களில் மதியக் கச்சேரி நடக்கும். பாடுவது இளம் கலைஞர், பல இடங்களில் டிக்கெட்டே இருக்காது, முன்வரிசையில் பத்து இருபது ரசிகர்கள். மாலை ஸ்லாட்டுக்கு வரும் கூட்டம் வேறு, இவர்கள் வேறு. லீ ஸ்டேடியத்துக்கு வருகிறவர்களும் அப்படிப்பட்ட 'மதியக் கச்சேரி' ரசிகர்கள்தான்.

பர்ஸுக்கும் நல்லது, காதுக்கும் விருந்து

2024 டிசம்பர் முதல் அந்த சீசனின் மீதி ஆட்டங்களுக்கு, கிளப் உறுப்பினர்களுக்கான டிக்கெட் விலையை யுனைடெட் 66 பவுண்டு ஆக்கியது. நம் பணத்தில் சுமார் 7,000 ரூபாய். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை என்றதும் ரசிகர்கள் கொந்தளித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் ஒரு மேட்ச் பார்க்க என்ன செலவாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஜூனியர் ஆட்டத்துக்கு இதில் மிகச் சிறிய பகுதிதான் செலவாகும். அதனால்தான் அங்கே தாத்தா, பேரன் கூட்டணியை அதிகம் பார்க்கலாம். ஒரு குழந்தை தன் கிளப்பின் ஜெர்சியை முதன்முதலாக நேரில் பார்ப்பது பல வீடுகளில் இந்த ஆட்டங்களில்தான்.

இன்னொரு லாபம், சத்தம். 74,000 பேர் கத்தும் ஓல்ட் டிராஃபோர்டில் மைதானத்துக்குள் பேசுவது எதுவும் கேட்காது. இங்கே எல்லாம் கேட்கும். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களை விரட்டுவது, பயிற்சியாளர் 'திரும்பு, பின்னாடி ஆள்!' என்று அலறுவது, பந்து ஷூவில் படும் 'டப்' என்ற ஓசை, தவறவிட்ட பையன் தன்னைத்தானே திட்டிக்கொள்வது என எல்லாமே. டிவி-யில் பத்து வருடம் பார்த்தாலும் பிடிபடாத கால்பந்து நுணுக்கங்கள் இங்கே சில ஆட்டங்களிலேயே புரிய ஆரம்பித்துவிடும்.

1953-ல் தொடங்கிய பழக்கம்

இந்தப் பாசத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எஃப்.ஏ யூத் கப் தொடங்கியது 1952-53 சீசனில். முதல் ஐந்து வருடமும் கோப்பை யுனைடெட்டுக்குத்தான். மேனேஜர் மேட் பஸ்பி, பணம் கொடுத்து ஸ்டார்களை வாங்குவதைவிட, பள்ளிப் பருவத்திலேயே பையன்களைத் தேடிப் பிடித்து வளர்ப்பதில் நம்பிக்கை வைத்தார். அந்த முதல் இறுதிப்போட்டியில், வுல்வ்ஸ் அணிக்கு எதிரான ஓல்ட் டிராஃபோர்டு ஆட்டத்தை 7-1 என்று வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் 20,000 பேருக்கும் மேல்!

டங்கன் எட்வர்ட்ஸ் என்ற பையனின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1955 ஏப்ரலில் 18 வயதில் இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடினார். அதே மாதம் திரும்பி வந்து கிளப்பின் யூத் கப் இறுதிப்போட்டியிலும் ஆடினார். நாட்டுக்கு ஆடிய வீரனை, பையன்கள் ஆட்டத்தில் பார்க்கக் கூட்டம் வராமல் இருக்குமா?

1958 பிப்ரவரி 6-ம் தேதி எல்லாம் மாறியது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் முடித்துத் திரும்பிய அணியின் விமானம் மியூனிக் விமான நிலையத்தில் விபத்துக்குள்ளானது. அதில் உயிரிழந்த 23 பேரில் 8 பேர் யுனைடெட் வீரர்கள். அந்த எட்டுப் பேரில் எட்வர்ட்ஸ், எட்டி கோல்மன், டேவிட் பெக், லியம் வேலன் ஆகிய நான்கு பேரும் 1953 யூத் கப் இறுதிப்போட்டியில் ஒன்றாக ஆடியவர்கள்.

13 நாள் கழித்து ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியோடு எஃப்.ஏ கப் ஆட்டம். அன்று விற்ற மேட்ச் புத்தகத்தில் யுனைடெட் அணி இருக்க வேண்டிய இடத்தில் பெயர்களே இல்லை. 11 வெற்றிடங்கள்தான் அச்சாகியிருந்தன. யார் ஆடுவார்கள் என்று அச்சடிக்கும்போது யாருக்கும் தெரியாது.

விபத்தில் பிழைத்த இரண்டு பேர், அவசரமாக வாங்கிய இரண்டு பேர் போக, மீதி இடங்களை நிரப்பியவர்கள் கிளப்பிலேயே சீனியர் வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். தடுப்பாட்டத்தில் 1953 யூத் கப் அணியின் ரோனி கோப். முன்வரிசையில் 17 வயது அலெக்ஸ் டாசன். சீனியர் அணிக்கு அன்றுதான் முதன்முறையாக ஆடிய ஷே பிரென்னன் இரண்டு கோல் அடித்தார், டாசன் ஒன்று. யுனைடெட் 3-0 என்று வென்றது.

அன்று ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் பலருக்கு பிரென்னன் யார் என்றே தெரிந்திருக்காது. ரிசர்வ் ஆட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு மட்டும் அது தெரிந்த முகம்.

1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, யுனைடெட்டின் ஒவ்வொரு ஆட்டத்துக்கான அணிப் பட்டியலிலும் சொந்தப் பட்டறையில் வளர்ந்த ஒருவராவது இருக்கிறார். 2019 டிசம்பரில் இந்தக் கணக்கு 4,000 ஆட்டங்களைத் தொட்டது.

ஜெயித்த பையன்கள் எங்கே?

'கிளாஸ் ஆஃப் 92' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெக்கம், கிக்ஸ், கேரி நெவில், நிக்கி பட் எல்லாம் சேர்ந்து 1992 யூத் கப்பை வென்ற கதை. அதற்கு அடுத்த வருடக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

1993 இறுதிப்போட்டியிலும் யுனைடெட் ஆடியது. பெக்கமோடு பால் ஸ்கோல்ஸும் இருந்தார். இரண்டு கட்ட ஆட்டத்துக்கும் தலா 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டிலுமே ஜெயித்தது லீட்ஸ் யுனைடெட்! அந்த லீட்ஸ் பையன்களில் எத்தனை பேரை இன்று உலகத்துக்குத் தெரியும்? ஜேமி ஃபாரஸ்டர், நோயல் வேலன் போன்றவர்கள் பல கிளப்களில் கௌரவமாக ஆடி ஓய்வுபெற்றார்கள். ஆனால், உலகப் புகழ் தோற்றவர்கள் பக்கம் போனது.

92 அணியிலேயே பென் தார்ன்லி என்று ஒருவர் இருந்தார். பெக்கமுக்கு இணையான திறமைசாலி என்று பேசப்பட்டவர். 18 வயதில் சீனியர் அணிக்கும் ஆடத் தொடங்கியிருந்தார். 1994 ஏப்ரலில் பிளாக்பர்ன் அணியோடு ஒரு ரிசர்வ் ஆட்டம். ஒரு முரட்டு டேக்கிளில் அவர் முழங்கால் சிதைந்தது. அதிலிருந்து மீண்டு வந்தாலும் பழைய வேகம் திரும்பவில்லை. யுனைடெட் சீனியர் அணிக்கு அவர் மொத்தமாக ஆடியது 14 ஆட்டங்கள்.

2022-ல் அந்த 67,492 பேர் பார்த்த பையன்களிலும் பெரும்பாலோர் வேறு கிளப்களைத் தேடிப் போய்விட்டார்கள். கர்னாச்சோவே 2025-ல் செல்சீக்கு மாறிவிட்டார்.

கைதட்டல் யாருக்கு?

இங்கேதான் ஜூனியர் ஆட்ட ரசிகரின் வேலை கொஞ்சம் சிக்கலாகிறது.

இங்கிலாந்து அகாடமிகளில் 16 வயதில் இரண்டு வருட ஸ்காலர்ஷிப் கிடைக்கும். 17 வயதிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். ஒவ்வொரு கோடையிலும் யாரைத் தக்கவைக்கிறார்கள், யாரை விடுவிக்கிறார்கள் என்ற பட்டியல் பொதுவெளியில் வரும். ப்ளஸ் டூ ரிசல்ட் மாதிரிதான். ஆனால், இதில் பாஸானவர்கள் கொஞ்சம், ஃபெயிலானவர்கள் அதிகம். எட்டு ஒன்பது வயதிலிருந்து அந்த ஜெர்சியைப் போட்டவனுக்கு, 18 வயதில் 'நன்றி, போய் வா' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதனால்தான் கிறிஸ்டல் பேலஸ் கிளப், விடுவிக்கப்படும் இளைஞர்களுக்கு மூன்று வருடம்வரை துணை நிற்கும் திட்டத்தை 2022-ல் அறிவித்தது.

ஆக, நாம் ஒரு ஜூனியர் ஆட்டத்தில் பார்க்கும் 22 பேரில் பலருக்கு, அவர்கள் வாழ்க்கையிலேயே பெரிய மேடை அதுவாகத்தான் இருக்கும். அவனை 'அடுத்த ரொனால்டோ' என்று தூக்கி வைப்பதும், இரண்டு பாஸ் தவறியதும் 'இவன் தேற மாட்டான்' என்று பதிவு போடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். அந்தப் பதிவைப் படிக்கும் செல்போன் அவன் பாக்கெட்டிலும் இருக்கிறது.

இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2023 அக்டோபரில், உள்ளூர் சிறுவர் ஆட்டங்களில் ஒரு வார இறுதி முழுக்க 'மௌன ஆதரவு' கடைப்பிடிக்கச் சொன்னது. பெற்றோரும் பார்வையாளர்களும் கத்தக் கூடாது, கைதட்டலாம். பிள்ளைகள் நமக்குப் பயந்து ஆடாமல், தாங்களாக யோசித்து ஆடட்டும் என்பதுதான் நோக்கம்.

பழகிய ஜூனியர் ஆட்ட ரசிகர்களுக்கு இது தானாகவே வந்துவிடுகிறது. சீனியர் ஆட்டத்தில் தவறான பாஸுக்கு ஸ்டேடியமே முனகும். இங்கே அதே தவறுக்கு 'பரவாயில்லைப்பா, மறுபடி முயற்சி பண்ணு' என்ற தொனியில் ஒரு கைதட்டல். தோற்ற அணியும் கைதட்டலோடுதான் உள்ளே போகும்.

நாம் எப்படிப் பார்ப்பது?

யுனைடெட்டின் ஜூனியர் ஆட்டங்கள் பல கிளப்பின் சொந்தச் சேனலிலும் ஆப்பிலும் ஒளிபரப்பாகின்றன. சீனியர் ஆட்டங்களுக்காக நள்ளிரவு வரை கண் விழிக்கும் நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சனிக்கிழமை காலை அங்கே தொடங்கும் 18 வயதினர் ஆட்டம், நமக்கு மதியத்துக்கும் மாலைக்கும் இடையில், டீ நேரத்தில் வரும். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். திரையில் ஓடுகிறவனுக்கும் அவர்களுக்கும் இரண்டு மூன்று வயதுதான் வித்தியாசம் இருக்கும்.

ஒரு சீசன் முழுக்க ஒரே ஒரு பையனைத் தொடர்ந்து பாருங்கள். அவன் மேலே போனால் சந்தோஷம். போகாவிட்டால், கோடையில் வரும் அந்தப் பட்டியலில் அவன் பெயரைத் தேடுங்கள். அடுத்து எந்தக் கிளப்பில் சேர்ந்தான் என்று பாருங்கள். இரண்டாம் டிவிஷனோ நான்காம் டிவிஷனோ, அங்கேயும் அவனுக்கு ஒரு கைதட்டல் போய்ச் சேரட்டும்!