பொய் முகத்தில் தெரியுமா?

அலுமாரியில் வைத்த நூறு ரூபாவைக் காணவில்லை. வீட்டில் விசாரணை ஆரம்பமாகிறது. ஒரு பிள்ளை உங்களை நேராகப் பார்த்து "நான் எடுக்கல்ல உம்மா" என்கிறது. மற்றப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தடுமாறுகிறது. குனிந்த பிள்ளைதான் எடுத்தது என்று உடனே தீர்மானித்து விடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரியானதுதானா?

பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் 58 நாடுகளின் மக்களிடம், பொய்யை எப்படி அறிவீர்கள் எனக் கேட்கப்பட்டது. ஏனைய எல்லாப் பதில்களையும் விட அதிகமாகக் கிடைத்த பதில் இதுவே. ஆனால், இந்த அடையாளத்தை நம்ப முடியாது என்றே பரிசோதனைகள் காட்டியுள்ளன. அதே ஆண்டு இரு அமெரிக்க உளவியலாளர்கள், சுமார் 24,000 பேர் அளித்த தீர்ப்புகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தனர். மெய்யையும் பொய்யையும் நூற்றுக்கு 54 தடவைகளே சரியாகப் பிரித்தறிந்திருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்!

பயத்துக்கும் அதே முகம்தான்

இதற்குக் காரணம் எளிது. வியர்வை, நடுக்கம், நாக்குழறல் என்பன பொய்யின் அடையாளங்கள் அல்ல, பயத்தின் அடையாளங்கள். "என்னை நம்பமாட்டார்களோ" என்று அஞ்சும் நிரபராதிக்கும் இவை உண்டாகும். பழகிய பொய்யனுக்கு உண்டாகாமலும் போகும். பொய்யறியும் கருவியின் குறையும் இதுவே. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யில் பணியாற்றிக்கொண்டே சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற ஓல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் இக்கருவிச் சோதனையில் தேறினார். 1994இல்தான் கைதானார்.

எனவே, பிள்ளையையோ வீட்டு வேலைக்கு உதவும் பெண்ணையோ முகத்தைப் பார்த்துக் குற்றவாளியாக்குவது பெரும் அநீதியாக முடியலாம்.

பிள்ளைகள் ஏன் பொய் சொல்கிறார்கள்?

1989இல் மைக்கல் லூயிஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் மூன்று வயதளவிலான 33 பிள்ளைகளைச் சோதித்தனர். பின்னாலுள்ள விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே சென்றனர். 29 பிள்ளைகள் பார்த்துவிட்டனர்! அவர்களுள் 11 பேர் ஒப்புக்கொண்டனர். 11 பேர் மறுத்தனர். மற்றவர்கள் பதிலே சொல்லவில்லை. ஆகவே, சின்னஞ்சிறு பிள்ளை பொய் சொன்னதும் "இது கெட்டுப்போய் விட்டதே" என்று கலங்க வேண்டாம். அது வளர்ச்சியோடு வருவது, திருத்தக்கூடியது.

எப்படித் திருத்துவது? அடித்தா? மேற்கு ஆபிரிக்காவில் இரு பாடசாலைகளின் சிறுவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. கடுமையாகத் தண்டிக்கும் பாடசாலையின் பிள்ளைகளே அதிகம் பொய் சொன்னார்கள். அதைத் திறமையாகக் காப்பாற்றவும் கற்றிருந்தார்கள். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொய்யனுக்கு நேர்ந்த கேட்டைச் சொல்லும் கதைகள் பிள்ளைகளை மாற்றவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதையைக் கேட்டவர்களே கூடுதலாக உண்மை பேசினர்.

தாய்மார்களே, நீங்கள் செய்யக்கூடியவை

• விடை தெரிந்துகொண்டே "நீயா உடைத்தாய்?" என்று கேட்காதீர்கள். அது பொய்க்கு வாசலைத் திறந்துவிடும். "கோப்பை உடைந்திருக்கிறது, வா, சேர்ந்து கூட்டுவோம்" என்று தொடங்குங்கள்.

• முகத்தை ஆராயாமல் செய்தியை ஆராயுங்கள். நடந்ததை முழுமையாகச் சொல்ல விடுங்கள். பிறகு மற்றவர்களிடம் விசாரியுங்கள். பொய்கள் பெரும்பாலும் வெளிப்படுவது இப்படித்தான், அதுவும் சில நாட்கள் கழித்து.

• உண்மை சொன்னால் அடிக்கமாட்டேன் என்று வாக்களித்தால், அதைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினாலும் அடுத்த தடவை பிள்ளை உங்களை நம்பாது.

• "உம்மா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பாதீர்கள். அது உங்களிடமே பாடம் படிக்கிறது.

காணாமற்போன நூறு ரூபா இன்றில்லாவிட்டால் நாளை கிடைக்கலாம். எடுக்காத பிள்ளையைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவது கடினம். தலை குனிந்த பிள்ளையை ஏசுவதற்கு முன், அது எதற்காகப் பயப்படுகிறது என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.