பெயரும் விளக்கமும்: சந்திரகிரி அருங்காட்சியகத்தை முன்னிட்டு ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. முன்னுரை

அருங்காட்சியகத்திற்கு வருவோர் பலர், பொருளை நின்று நோக்குவதற்கு முன் அதன் பெயர்ப்பலகையைப் படிக்கின்றனர். பழங்கட்டடமே அருங்காட்சியகமாக அமையுமிடத்து, அக்கட்டடத்தின் பெயரும் ஒரு காட்சிப்பொருளாகிவிடுகின்றது. அப்பெயரை வேறொரு மொழியில் தரும்போது மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்னும் வினா எழுகின்றது. இது நடை பற்றிய வினா மட்டுமன்று. படிப்பவர் பெறும் வரலாற்றுச் செய்தி மெய்யா, பொய்யா என்பதும் இதனைப் பொறுத்ததே. சந்திரகிரிக் கோட்டைக் கட்டடங்களையும் அப்பகுதி ஊர்ப்பெயர்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகின்றது.

2. இடமும் பின்னணியும்

திருப்பதிக்கு அண்மையிலுள்ள சந்திரகிரி, விசயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் இடம் பெற்றதும், அவ்வுரிமையை 1645இல் மூன்றாம் சீரங்கராயர் உறுதிசெய்ததும் இவ்வரசின் வரலாற்றோடு இணைந்தவை. கோட்டையினுள் ராஜ மகால், ராணி மகால் எனப்படும் இரு மாளிகைகள் உள்ளன. மூன்று தளங்களையுடைய ராஜ மகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலான இம்மாளிகையில் மரம் பயன்படுத்தப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பகுதி முன்னர் வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் இடம்பெற்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சந்திரகிரி இப்புதிய மாவட்டத்திலும் காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்திலும் உள்ளன. எல்லைகள் மாறினும் தமிழும் தெலுங்கும் இங்கு நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கும் திருமலைக்கும் செல்லும் தமிழர்க்குச் சந்திரகிரி எட்டிய தொலைவிலேயே உள்ளது. ஆதலின் தமிழ்க் குறிப்புரையின் தேவை இங்குக் கற்பனையன்று.

3. மொழிபெயர்ப்பால் நேரும் பிழை

'ராணி மகால்' என்பதை 'அரசியின் அரண்மனை' என மொழிபெயர்ப்பது எளிது. ஆனால் அவ்வாறு பெயர்த்தவுடன் பெயர் ஒரு கூற்றாக மாறிவிடுகின்றது; 'இங்கு அரசி வாழ்ந்தாள்' என்று பலகை கூறுவதாகப் படிப்பவர் கொள்வர். மக்கள் வழக்கிலுள்ள பெயர், கட்டடத்தின் தொடக்கப் பயன்பாட்டிற்குத் தானே சான்றாகிவிடாது. அம்பியில் 'தாமரை மகால்', 'அரசியின் குளியலறை' என வழங்கும் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை என்பது ஆய்வாளர் அறிந்ததே.

'மகால்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. இடம், தங்குமிடம் என்னும் பொருளுடைய அரபுச் சொல் பாரசீகத்தின் வழி இந்திய மொழிகளில் புகுந்து மாளிகையைக் குறிக்கலாயிற்று. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனை 'மகால்' என்றே வழங்கப்படுகின்றது. இன்றைய தமிழிலோ திருமண மண்டபங்களும் இப்பெயர் தாங்குகின்றன. 'அரண்மனை' ஆள்வோரின் உறைவிடத்தைக் குறிக்க, 'மாளிகை' பெருங்கட்டடத்தைப் பொதுவாகக் குறிக்கின்றது. எனவே, மகால், அரண்மனை, மாளிகை ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று ஈடாகா.

4. எழுத்துப்பெயர்ப்பால் நேரும் பிழை

அவ்வாறாயின், எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் போதுமோ எனின், அதுவும் போதாது. தெலுங்கில் காணிப்பாக்கத்தின் பெயர் ஒற்றைக் ககரத்துடன் எழுதப்படுகின்றது. அதனை அப்படியே தமிழில் 'காணிபாகம்' என எழுதினால், தெலுங்கில் வல்லொலியாக நிற்கும் ககரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். படிப்பவர் 'பாகம்' என்பதற்குப் 'பங்கு' எனப் பொருள்கொண்டு, 'காணியின் பங்கு' என்னும் புதியதொரு விளக்கத்தையும் கற்பித்துக்கொள்வர்.

இவ்வொற்றைக் ககரம் தற்செயலாக அமைந்ததன்று. தமிழில் நெடிலை அடுத்து இரட்டித்து வரும் வல்லினத்திற்கு நேராகத் தெலுங்கில் ஒற்றை வல்லினம் வருவது பெருவழக்கு. தோட்டம் – தோட, பாட்டு – பாட, ஆட்டம் – ஆட என்பன காண்க. சந்திரகிரியில் நாம் காணும் 'கோட்டை'யும் தெலுங்கில் 'கோட' என்றே வழங்கும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் முதலியவற்றிற் காணப்படும் 'பாக்கம்' என்னும் ஊர்ப்பெயர் ஈறே இங்கும் உள்ளது எனக் கொள்வதற்கு இவ்வொலி ஒப்புமை துணைசெய்கின்றது.

சித்தூர் மற்றொரு சான்று. இது 'சிற்றூர்' என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகின்றது. தமிழ் றகர இரட்டைக்கு நேராகத் தெலுங்கு இயற்சொற்களில் டகர இரட்டை வரும்: சுற்று – சுட்டு, புற்று – புட்ட, பற்று – பட்டு. ஊர்ப்பெயரில் வருவதோ தகர இரட்டை. இது காற்று 'காத்து' என ஒலிக்கும் தமிழ்ப் பேச்சு வழக்கோடு ஒத்துள்ளது. ஆகவே, இப்பெயர் தமிழ்ப் பேச்சு வடிவிலிருந்தே தெலுங்கிற்குச் சென்றிருக்க வேண்டும் எனலாம். 'சித்தூர்' என்பதைச் 'சிற்றூர்' எனத் 'திருத்தி' எழுதுவோர், அச்சான்றை அழித்தோராவர்.

5. குறிப்புரை அமைக்கும் முறை

மேற்கூறியவற்றால், கட்டடக் குறிப்புரையில் மூன்று கூறுகளைப் பிரித்துணர்தல் இன்றியமையாதது எனத் தெளியலாம். முதலாவது, இயற்பெயர்: இதனை மொழிபெயர்த்தலாகாது, தமிழில் நிலைபெற்ற வடிவம் இருப்பின் அதனையே எழுதுதல் வேண்டும். இரண்டாவது, வகைச்சொல்: மாளிகை, கோட்டை, மண்டபம் போன்றவற்றுள் குறைந்த ஊகத்திற்கு இடந்தரும் சொல்லைத் தேர்தல் நன்று. மூன்றாவது, விளக்கம்: பெயரின் பொருளையும் கட்டடத்தின் பயன்பாட்டையும் வெவ்வேறு தொடர்களில் கூறுதல் வேண்டும். சான்றாக, 'ராணி மகால். சந்திரகிரிக் கோட்டையிலுள்ள மாளிகைகளுள் ஒன்று. ராணி மகால் என்பது வழக்கில் உள்ள பெயர்' என எழுதலாம். இதில் ஊகம் எதுவும் உண்மையென நுழையவில்லை.

6. முடிவுரை

கற்சிற்பம் சிதைந்தால் கண்ணுக்குப் புலப்படும். பெயர் சிதைந்தால் எளிதிற் புலப்படாது. சிறிய அருங்காட்சியகங்களில் பார்வையாளர்க்கு வழிகாட்டியாக அமைவது பெரும்பாலும் பலகையிலுள்ள சில வரிகளே. அவ்வரிகளை எழுதும் மொழிபெயர்ப்பாளரும், தொல்பொருளைப் பேணுவோரைப் போன்றே, சான்றுகளைக் காக்கும் பொறுப்புடையவராவர்.